மட்டக்களப்புக் கல்லடியில சித்திரம் படிப்பிக்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்

சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிப்பிக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஒண்டு கேக்கத்தான் எழுதுறன், யுத்த காலத்து வெண்கல மெடல்கள ஒரு பாடமா எடுக்கேலாதா?

கல்லடிக் கடலுக்குள்ள ஹேர்மஸ் எண்ட பிரிட்டிஷ் யுத்தக் கப்பல் கிடக்குத்தானே, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன்ட குண்டுல தாண்டது, 307 பேர் அதோட போயிட்டாங்க. டைவ் அடிச்சு போட்டோ போட ஆக்கள் இரிக்கு, ஆனா அந்த யுத்தத்தில சண்டைக்குப் போன பிரிட்டிஷ்காரனுக்கு அரசாங்கம் என்ன குடுத்தது எண்டு யாரும் கேக்கிறல்ல. வெண்கல நிறத்தில ஆறுமுனை நட்சத்திரம், நடுவில ராசாட கிரீடமும் முதலெழுத்தும். அவன்ட பேர் இல்ல.

முதலாம் உலக யுத்தத்தில அப்பிடியில்ல. செத்தவன்ட வீட்டுக்கு 12 சென்டிமீட்டர் அகலத்தில ஒரு வெண்கலத் தட்டு, எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் போட்டியில வெண்ட டிசைன், 13 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க. பிரித்தானியா எண்ட பொம்புள, அந்த நாட்டுக்கே உருவம் அவதான், இலை வளையம் நீட்டுறா, அதுக்குக் கீழ செத்தவன்ட பேர், ரேங்க் கிடையாது, ஜெனரலும் சிப்பாயும் ஒண்டுதான், அது எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கு. ஆனா காலடியப் பாருங்க. பெரிய சிங்கம் ஒண்டு நிக்கிது, அது காணாதெண்டு அடியில இன்னொரு சின்னச் சிங்கம் கழுகக் கிழிக்கிது, கழுகெண்டா ஜெர்மனி. புள்ளைய பறிகுடுத்த தாய்ட கைக்குப் போற சாமான் மறுகா இது!

ஜெர்மன்காரனும் லேசுப்பட்டவனில்ல. 1915 மே 7 லூசிட்டானியா எண்ட பிரிட்டிஷ் பயணிகள் கப்பல அடிச்சுத் தாத்தாங்க, மியூனிக்ல கார்ல் கோட்ஸ் எண்டவர் அதுக்கு மெடல் செஞ்சார், எலும்புக்கூடு டிக்கட் விக்கிற மாதிரி, காசாசைதான் ஆக்களச் சாகடிச்சது எண்டு இங்கிலாந்துக்காரன நக்கலடிக்க. தேதிய மே 5 எண்டு பிழையாப் போட்டுட்டார். பிறகு பிரிட்டிஷ்காரன் அதே மெடல லட்சக்கணக்கில கொப்பி அடிச்சு, பாத்தீங்களா முதலே பிளான் பண்ணித்தான் சாகடிச்சிரிக்கான் எண்டு வித்தான். ஒரே படம், ரெண்டு தேசபக்தி.

சிங்கத்தையும் புலியையும் கொடியில பாத்து வளந்த ஊருக்கு இது விளங்காதா? எனக்கெண்டா வேற ஊரு புள்ளையள விட எங்கட புள்ளையள் வடிவா வாசிப்பாங்க எண்டுதான் படுது. போட்டோக்கள பெரிசா பிரிண்ட் அடிச்சு ஒரு கண்காட்சி வைங்க, பக்கத்தில புள்ளையள் களிமண்ணுல சொந்தமா ஒரு தட்டு செய்யட்டும், பேர் இரிக்கோணும், மிருகம் ஒண்டும் வரப்படா. கதிரை தூக்க நான் வாறன்.

இப்படிக்கு,
கல்லடிப் பக்கத்து ஆள் ஒருத்தன்