கடைவீதிக்குச் சுண்ணாம்புக் காரை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டி, குன்னூரின் பழைய கடைவீதிகளைச் சீரமைக்க மதிப்பீடு போடும்போது சிமெண்ட் பூச்சு வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரின் மேல் சிமெண்ட் பூசினால், சுவரில் இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும்.

அங்கே சுண்ணாம்புக் காரையையே பூச வேண்டும்: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். பூசியபின் ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். ஜனவரி உறைபனியும் ஜூன் மழையும் பச்சைக் காரையைக் கெடுக்கும்; பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் தோது. வேலை உத்தரவு மே மாதம் கைக்கு வந்தால் பணம் மழையோடு போகும்.

அரசின் நமக்கு நாமே திட்டத்தில் வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தருகிறார்கள். பணம் கட்டுமுன்பே வியாபாரிகள் மதிப்பீட்டு நகலை வாங்கி, சுண்ணாம்பு வேலை தனி இனமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

– கட்டடப் பொறியாளர், குன்னூர்