பேத்தியைக் குளிப்பாட்டும் பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

பேத்தி பிறந்த சேதி வந்த கையோடு "கலர்தான் கொஞ்சம் கம்மி" என்ற சேதியும் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொன்னார்களாம். இதே பேச்சு நடக்கும் வீடுகள் நிறைய என்பதால், உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

காலை நீட்டி மணையில் உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் தலைக்கு ஊற்ற இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கைப்பக்குவம் உங்களிடம் இருக்கிறது. எது அழகு என்று அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப் போவதும் நீங்கள்தான். பள்ளிக்கூடம், சினிமா, செல்போன் எல்லாம் பிறகு வருபவை.

காது மடலின் ஓரத்தையும் நகக்கண்ணையும் பார்த்து, பிள்ளை என்ன நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவீர்கள். நல்ல கணிப்புதான். பிறந்த குழந்தையின் தோலில் நிறமி முழுதாகச் சேர்ந்திருக்காது. மாதங்கள் போகப் போகத்தான் அது தன் சொந்த நிறத்துக்கு வரும். கறுத்தவர், சிவந்தவர் யாராக இருந்தாலும் நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை மெலனின் என்னும் அந்த நிறமியை எவ்வளவு சுரந்து எப்படிப் பரப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. அதை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. குங்குமப்பூப் பால் அதில் எதையும் மாற்றாது. மருமகள் அதைக் குடிக்கவில்லை என்று யாரும் குறை சொன்னால், நீங்களே வாயை அடைத்துவிடுங்கள்.

குளியலில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன் போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிப் பத்து நிமிடம் நீவிவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடலாம். தண்ணீர் உங்கள் முழங்கைக்கு இதமான சூட்டில் இருக்கட்டும். கடலை மாவும் பயத்தமாவும் வேண்டாம். பச்சைக்குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. மாவின் நொய் அதைக் கீறும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தங்கிய ஈரமாவு ஊறிப் புண்ணாகும். "நிறம் வரட்டும்" என்று அழுத்தித் தேய்ப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. நம்முடையது போன்ற மாநிறத் தோல் சிராய்த்தால், ஆறும்போது அந்த இடம் முன்னைவிடக் கறுக்கும். தேய்த்துத் தேய்த்தே கறுத்த முழங்கையும் கழுத்தும் எத்தனை பிள்ளைகளுக்கு! மூக்கைப் பிடித்துவிடுவதும் வேண்டாம். அந்தக் குருத்தெலும்பு தன் வடிவத்துக்கே திரும்பிவிடும். குளித்ததும் முகத்தில் அப்பும் பவுடர் மூச்சோடு உள்ளே போகும். கறுத்த முகத்தில் சாம்பல் பூத்த மாதிரியும் தெரியும்.

கையின் வேலை இவ்வளவே. வாயின் வேலைதான் பெரிது.

பிறந்த சில நாள் பிள்ளைக்கு எந்த நிறத்து முகமும் ஒன்றுதான். மூன்று மாதத்துக்குள் தன்னைச் சுற்றி அதிகம் தெரியும் முகங்களின் சாயலை அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று மாதக் குழந்தைகளைப் பற்றியது. எத்தியோப்பியாவில் வளர்ந்த குழந்தைகள் கறுப்பு முகங்களையும், இஸ்ரேலின் வெள்ளைக் குடும்பத்துக் குழந்தைகள் வெள்ளை முகங்களையும் கூடுதல் நேரம் பார்த்தன. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து இரண்டு வகை முகங்களுக்கும் நடுவே வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. அந்த வயதில் பிள்ளைக்குப் பழக்கம் மட்டுமே இருக்கிறது. எது உசத்தி, எது மட்டம் என்ற எண்ணம் இல்லை.

உசத்தி, மட்டம் எல்லாம் பேச்சு புரியத் தொடங்கிய பிறகு ஏறுவது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் காட்டினார்கள். விளையாட எது வேண்டும் என்றதற்கு, மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே ஓடினார்கள். மூன்று வயதுக்குள்ளேயே அது மனதில் ஏறியிருந்தது, பெரியம்மா.

இன்னொரு ஆய்வு 2015இல் வந்தது. அச்சில் வார்த்தாற்போல் இருக்கும் இரட்டையர்களிடம் முகங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்டார்கள். மரபணு ஒன்றாக இருந்தும், வளர்ந்த வீடு ஒன்றாக இருந்தும், அவரவர் தனி ரசனை வேறாகவே இருந்தது. அவரவர் தனியாகக் கண்டு, பழகி, அனுபவித்தவையே அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு. இதை நான் உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். மூத்த பேத்தி உங்கள் மகனைப் போல் சிவப்பு, சின்னவள் கறுப்பு. ஒரே திண்ணை, ஒரே பாட்டி. ஆனால் வருகிறவர்கள் மூத்தவளின் கன்னத்தைக் கிள்ளி "எலுமிச்சம்பழம் மாதிரி" என்பார்கள். சின்னவளைப் பார்த்து "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். இருவரும் வளர்வது ஒரே வீட்டில் என்று சொல்ல முடியுமா? மூத்தவளுக்கும் இதில் நன்மை இல்லை. வெயிலில் நின்றால் தன் மதிப்பு குறையும் என்ற பயம்தான் அவளுக்குக் கிடைக்கும்.

நம் ரசனை எப்போதும் இப்படி இருக்கவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை நிறம், மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தால் அவள் மேனியில் பசலை படரும். வெளிறிப்போவதைத்தான் அங்கே அழகு கெட்டதாகச் சொன்னார்கள்.

அதனால் இனி சில காரியங்கள். யாராவது நிறத்தைப் பேசினால், பிள்ளையின் காதுபடவே "எங்க பிள்ளை கறுப்பு, அழகு" என்று அடுத்தடுத்துச் சொல்லுங்கள். நடுவே 'இருந்தாலும்' வேண்டாம். துணிக்கடையில் அடர்மஞ்சளையும் அரக்கையும் "இந்தக் கலர் இவளுக்கு எடுக்காது" என்று ஒதுக்காதீர்கள். கறுத்த மேனியில் அவை எடுப்பாகத் தெரியும். "வெயிலில் ஆடாதே, கறுத்துடுவே" என்பதும் வேண்டாம். கறுத்த தோல் வைட்டமின் டி செய்துகொள்ளக் கூடுதல் வெயில் தேவை. வெயிலில் ஏறிய கருமை, மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போது சில வாரங்களில் தானே குறையும்.

போட்டோ விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சுவர் முன்னே நிறுத்தி எடுத்தால், செல்போன் சுவரின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். பிறகு "போட்டோவிலே முகமே தெரியலை" என்பார்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, பின்னால் பச்சையோ நீலமோ இருக்கும்படி செய்து, திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். பியூட்டி மோடைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஸ்டூடியோக்காரரிடம் "நிறத்தை மாத்தாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காமலேயே வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆல்பத்தில் தன் முகம் திருத்தப்பட்டிருப்பதைப் பிள்ளை ஒருநாள் கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக ஒரு கவலை. ஏழாவது படிக்கும் மகள்வழிப் பேத்தி, சித்தி பெண் கொடுத்த ஏதோ ஒரு க்ரீமைத் தடவி "பளிச்சென்று ஆயிட்டா" என்று போனில் சந்தோஷப்பட்டீர்கள். அந்த ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதாவது எழுதியிருக்கிறதா, இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவை ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. முதல் இரண்டு மூன்று வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், பருக்கள் வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும். அதற்குப் பயந்தே மறுபடி தடவுவார்கள். பெயரும் மூலப்பொருளும் அச்சிடாத டப்பா என்றால் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட க்ரீம்களால் சிறுநீரகம் கெட்டவர்களை 2023இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

டப்பாவில் எதுவும் அச்சிடவில்லை என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ட்யூபாக இருந்து, மாதக்கணக்கில் தடவியிருந்தால், தானாகச் சட்டென்று நிறுத்தாமல் இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டட்டும். படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும். போகும்போது ட்யூபையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்