கான்வி தேன் சந்தையில் உதவிய பெண்மணிக்கு நன்றி

வேல்ஸில் கான்வி கோட்டைக்கு அருகிலுள்ள தெருவில் செப்டம்பர் 13 அன்று வருடா வருடம் தேன் சந்தை கூடும், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கொடுத்த உரிமை, 700 வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் என் மகளைத் தேனீ கொட்டிவிட்டது. அவள் அலறியதுதான் தாமதம், தேன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, சட்டென்று நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தார். அது தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்குமாம். உதடு வீங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்த்தபடி கூடவே நின்றார். அப்புறம் ஹெதர் என்ற புதர்ச்செடியின் பூத்தேனை அவளிடமே கொடுத்துக் கிளறச் சொன்னார். ஜெல்லி மாதிரி இறுகியிருந்தது கரண்டி பட்டதும் இளகியதைப் பார்த்து அழுகையே நின்றுவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்கவேண்டும், ரொம்ப ரொம்ப நன்றி.