அக்காவுக்கு, வியாழக்கிழமைக்கு முன்

அக்கா,

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அந்த எண்டோஸ்கோபிக்கு உன்னோடு நான்தான் வருகிறேன். மாமாவை துபாயிலிருந்து டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. குடும்ப குரூப்பில் சொன்னால் ஆளாளுக்குப் பதில் போடுவார்கள். அதனால்தான் இங்கே.

சுகர் மாத்திரையை அன்று காலை போடலாமா என்று முன்னாடியே கேட்டுவிடு. வெறும் வயிற்றில் நீயாகப் போட்டுத் தொலைக்காதே. நெயில் பாலிஷை அழித்துவிடு, விரலில் கிளிப் மாட்டுவார்கள். தொண்டையில் அடிக்கும் ஸ்ப்ரே கசக்கும். கொஞ்ச நேரத்தில் தொண்டை வீங்கிவிட்டது போலவும், எச்சில் விழுங்க முடியாதது போலவும் இருக்கும். வீங்கியிருக்காது, மரத்திருக்கும், அவ்வளவுதான். இடது பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் போவது உணவுக்குழாயில். நீ பயப்படுகிற மாதிரி மூச்சு அடைக்காது. பத்துப் பதினைந்து நிமிஷம். பயாப்சி சோதனைக்கு உள்ளேயிருந்து சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது.

எனக்கு இதே எண்டோஸ்கோபி செய்தபோது ஊசியில் போட்டது மிடசோலம் என்ற மயக்க மருந்து. தூங்கவைப்பதைவிட மறக்கவைப்பதில் அது கெட்டி. கண் திறந்திருக்கும், கேட்டால் பதில் வரும், மனதில் எதுவும் தங்காது. டாக்டர் வந்து அல்சர் இல்லை, கேஸ்ட்ரைட்டிஸ்தான், அதாவது இரைப்பை அழற்சிதான் என்றதும் நான் தலையாட்டியதும் நீ சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகமிருப்பது ஒன்றே ஒன்று. கீழே உட்கார்ந்து என் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். மடக்கவே முடியாத அந்த முட்டியை மடக்கி. அம்மா போன பிறகு எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

அன்று சாயந்திரமே காரில் வீட்டு விஷயத்தை எடுத்தாய். நான் சரி என்றேனாம். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததே, அதை மடித்து உன் பையில்தானே வைத்தாய்? எந்த வீடு, யார் பங்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சித்தப்பாவும் படிப்பார். அதற்கப்புறம் உன் போனை எடுக்கவில்லை. திவசத்துக்கும் பட்டும்படாமல் வந்துபோனேன். மன்னித்துக்கொள். ஆனால் வேறென்ன செய்வது? சொன்னதே ஞாபகமில்லாதவன், சொல்லவில்லை என்று எப்படிச் சண்டை போடுவான்?

டாக்டர் சொல்வதை எழுதிவைத்து மறுநாள் தருகிறேன். காரில் எதையும் பேச மாட்டேன். மரப்பு போகிறவரை காபி கேட்காதே, புரையேறும். உள்ளே காற்று செலுத்தியிருப்பார்கள், வயிறு உப்பும், ஏப்பமாக வரும். தொண்டை ஒன்றிரண்டு நாள் கரகரக்கும். அன்று ராத்திரி உன் வீட்டு ஹாலிலேயே படுத்துக்கொள்கிறேன். நான் கிளம்பிய பிறகு வயிறோ நெஞ்சோ தாங்க முடியாமல் வலித்தால், மூச்சு முட்டினால், காய்ச்சல் வந்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், மலம் கறுப்பாகப் போனால், விடியட்டும் என்று பொறுத்துக்கொண்டிருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்குப் போன் செய். துபாய்க்கு இல்லை, எனக்கு. எடுப்பேன்.