உங்கள் உலகத்தின் வாசலில் ஒரு மீட்டர் வையுங்கள்

மெய்நிகர் உலகங்களைக் கட்டுகிற பொறியாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் சிவகாசியில் இருக்கிறேன். சின்ன அச்சகங்கள், லேமினேஷன் கடைகள், பேப்பர் வியாபாரிகள் என்று பதினான்கு பேருக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன் திரையில் தன் உருவம் ஒன்றை நடக்கவிட்டு, நண்பர்களோடு பேசி, கட்டடம் கட்டி விளையாடும்படி நீங்கள் கட்டிய உலகங்களில் ஒன்றில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அது எந்த உலகம் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் உலகம் எவ்வளவு டேட்டாவைச் சாப்பிடுகிறது என்று எங்களுக்குக் காட்டுங்கள் என்று நான் கேட்க வந்தது உங்கள் எல்லாரிடமும்தான்.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுவரில் துளை போட்டுக் கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் என் போனில் போட்டிருக்கும் நாளுக்கு 1.5 ஜிபி பேக்தான் எங்கள் வீட்டுக்கே நெட். என் லேப்டாப்பும் மகன் வைத்திருக்கும் பழைய போனும் என் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகின்றன. எங்கள் தெருவிலேயே பல வீடுகள் இப்படித்தான். பார்த்துச் செலவழித்தால் 1.5 ஜிபி ஒரு நாளைக்குப் போதும்.

மே 20ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கு விடுமுறை. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி 3பி படிவத்தின் கடைசி நாள் 20. ஐந்து பேருடையது பாக்கி இருந்தது. மகன் காலையிலிருந்து பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தான். பதினொன்றரை மணிக்கு, இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று போனுக்குச் செய்தி வந்தது. அதற்கப்புறம் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிகூட வராது. வரி கட்டும் தளத்தின் முதல் பக்கமே திறக்கவில்லை. அவசரத்துக்கு ஒரு கூடுதல் பேக் போட்டேன். நெட் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து மகன் மறுபடி உள்ளே போனான். அதுவும் முக்கால் மணி நேரத்தில் காலி. அன்றைக்கு இரண்டு பேருடைய படிவம் நின்றுபோனது. தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய். அதை என் கையிலிருந்துதான் கட்டினேன். பணம் பெரிதில்லை, என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டதுதான் கஷ்டமாக இருந்தது.

மகனைத் திட்டினேன். அவன் கண் கலங்கிச் சொன்னது ஒரே வரி. "அம்மா, நான் வீடியோவே பார்க்கலையே."

இந்த மடலை நான் எழுதுவதே அந்த வரிக்காகத்தான். அவன் பொய் சொல்லவில்லை. வீடியோ பார்த்தால் நெட் போய்விடும், பாட்டு கேட்டால் கொஞ்சம் போகும், விளையாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். லூடோவுக்கும் கேரமுக்கும் அது சரி. படமெல்லாம் செயலியை ஏற்றும்போதே வந்துவிடும், பிறகு யார் எந்தக் காயை நகர்த்தினார் என்பது மட்டும்தான் வரும். பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில்கூடப் பெரும்பாலும் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பினார் என்கிற எண்கள்தான் வந்து போகின்றன. உங்கள் உலகம் அப்படி இல்லை. அதில் இருக்கும் பொருள்களை அங்கே வசிப்பவர்களே செய்கிறார்கள். பிரேசிலில் ஒருவர் நேற்று ராத்திரி கட்டிய கோபுரம் என் மகனின் போனில் எப்படி இருக்கும்? அவன் அந்தப் பக்கம் நடக்கும்போதுதான் அதன் சுவரும், சுவரின் படமும், வாசலில் நிற்பவரின் சட்டையும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அவன் வெறுமனே நடந்தான், அவ்வளவுதான். நடந்தாலே செலவு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி வந்திருந்தபோது இரண்டு ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கினான். 2003 முதல் இயங்கும் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தை வைத்துத்தான் ஆரம்பித்தான். அங்கே நிலம் 256 மீட்டர் பக்கம் கொண்ட சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு தூரம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாமே அமைத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்தை 256 மீட்டரிலிருந்து 128க்குக் குறைத்தால் பாதி மிச்சம் என்று நினைத்தேன். பாதி இல்லை, முக்கால்வாசி மிச்சம். வட்டத்தின் ஆரம் பாதியானால் பரப்பு கால்வாசிதானே ஆகும். பத்தாம் வகுப்பில் படித்த கணக்கு. இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எத்தனை நாள் பிழைத்திருக்கும்!

கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஏன் இவ்வளவு செலவாவதில்லை என்றும் கேட்டேன். அங்கே கல், மண், மரம் எல்லாவற்றின் படமும் ஏற்கெனவே நம் சாதனத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் எந்தக் கட்டை என்கிற எண் மட்டும் வந்தால் போதும் என்றான். அப்புறம் விஆர்சாட் என்ற இன்னொரு மெய்நிகர் உலகத்தைப் பற்றிச் சொன்னான். உள்ளே நம் சார்பில் நடமாடும் உருவத்துக்குப் பெயர் அவதார்; கணினிக்கான ஒரு அவதார் 200 எம்பி வரை இருக்கலாமாம், ஆண்ட்ராய்டுக்கான அவதார் 10 எம்பியைத் தாண்டக் கூடாதாம். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. ஒரே ஆளை 10 எம்பியிலும் காட்ட முடியும் என்று உங்களில் ஒருவரே செய்து காட்டியிருக்கிறீர்கள். எத்தனை எம்பிக்கு மேல் உள்ள அவதாரை இறக்க வேண்டாம் என்று பயனரே வரம்பு வைத்துக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறதாம். அதைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் ஒரு மாதம் நோட்டுப் போட்டேன். மகன் விளையாட உட்காரும்போதும் எழும்போதும் ஹாட்ஸ்பாட்டில் எவ்வளவு போயிருக்கிறது என்று குறித்தேன். தன் வீட்டிலேயே இருந்து சுவர் கட்டிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்துக்கு 40 எம்பி. நண்பனோடு நான்கு புது இடங்களுக்குப் போன அரை மணி நேரத்துக்கு 610 எம்பி. மறுநாள் அதே நான்கு இடங்களுக்குத் திரும்பப் போனதற்கு 70. விளையாடும் நேரத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமே இல்லை. "ஒரு மணி நேரம்தான் விளையாடணும்" என்று நாங்கள் பெற்றோர்கள் போடும் சட்டம் இந்த விஷயத்தில் எதற்கும் உதவாது. புதிது எவ்வளவு, பழையது எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது செலவு.

ஒருமுறை பார்த்த இடம் போனிலேயே தங்கிவிடுவதால்தான் இரண்டாம் நாள் 70 எம்பி. அப்படித் தங்கும் இடத்துக்குப் பெயர் கேஷ். போன் மெதுவாக இருக்கிறதே என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை நான் சுத்தமாக அழித்துக்கொண்டிருந்தேன். அதாவது வாரம் முழுக்கக் காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து வாங்கியிருக்கிறோம். தவறு என்னுடையதுதான். ஆனாலும் கேட்கிறேன், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் "இதை அழித்தால் இவ்வளவு எம்பி மறுபடி இறங்கும்" என்று ஒரு வரி எழுதக் கூடாதா? இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்.

வீட்டில் நாங்கள் எல்லாவற்றையும் அளந்து வாழ்கிறோம். கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது, இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அடிக்கடி எட்டிப் பார்ப்போம். சிலிண்டர் மாற்றினால் காலண்டரில் தேதி எழுதிவிடுவோம். தண்ணீருக்குக் குடக் கணக்கு. உங்கள் உலகத்தில் மட்டும்தான் தீர்ந்த பிறகு தெரிகிறது.

அதனால் நான் முதலில் கேட்பது மீட்டர். திரையின் ஒரு ஓரத்தில், மணி காட்டுகிற மாதிரி, "இன்று இதுவரை 320 எம்பி" என்று ஓடட்டும். இந்த எண் உங்களிடம் இல்லாமல் இல்லை. செகண்ட் லைஃபில் புள்ளிவிவரப் பட்டை என்று ஒன்றைத் திறந்தால் நொடிக்கு எத்தனை கிலோபிட் வருகிறது என்று தெரிகிறது. ஆனால் அது பொறியாளர் பார்ப்பதற்கானது. வேகத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்வான்? அவனுக்குத் தேவை கூட்டுத்தொகை.

கூடவே, வாசலில் எடையை எழுதிவையுங்கள். ஒரு புது இடத்துக்குள் நுழையும் முன் "இங்கே நுழைய சுமார் 150 எம்பி ஆகும்" என்று தெரிந்தால், போகலாமா வேண்டாமா என்று அவனே முடிவெடுப்பான். துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடலாம் குறையலாம், புரிகிறது.

தம்பி சொன்னதில் எனக்கு வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஆண்ட்ராய்டு போன் இன்னொரு ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட்டில் சேரும்போது, இது அளவுக்கு உட்பட்ட இணைப்பு என்று அந்தப் போனுக்கே தெரிந்துவிடுமாம். எந்தச் செயலியும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். விண்டோஸிலும் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அன்று காலை என் மகனின் போனுக்கு, அம்மாவின் 1.5 ஜிபியில்தான் ஓடுகிறோம் என்பது தெரிந்திருக்கிறது. உங்கள் செயலி அதைக் கேட்டிருந்தால் போதும். அளவான இணைப்பு என்று பதில் வந்தால் இலேசான படங்களோடு தொடங்குங்கள். முழு அழகும் வேண்டும் என்கிறவர்கள் ஒரு பொத்தானை அழுத்தி வாங்கிக்கொள்ளட்டும்.

"அப்படியானால் அந்த விளையாட்டையே நீக்கிவிட வேண்டியதுதானே" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நீக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய உயிர் நண்பனின் அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்துப் போன வருடம் குடும்பமே போய்விட்டது. இருவரும் சாயங்காலம் சந்திக்கிற இடம் உங்களுடையதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டை, அவன் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டு அங்கே கட்டியிருக்கிறான். திண்ணை, முற்றம், நெல் குதிர் எல்லாம் இருக்கிறது. அப்பத்தா போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, தொழுவம் எங்கே என்று கேட்டார். மறுநாள் தொழுவம் வந்துவிட்டது. இதை எடுத்துவிட்டு அவனுக்கு நான் என்ன கொடுக்க?

அதனால்தான் இன்னொரு கோரிக்கை. நாளுக்கு இவ்வளவு எம்பி என்று பெற்றோர் வரம்பு வைக்க வழி கொடுங்கள். வரம்பு முடிந்ததும் பிள்ளையை வெளியே தள்ளாதீர்கள். புதியது எதையும் இறக்காமல், வராததைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, அவன் தன் வீட்டில் இருக்கட்டும், நண்பனோடு பேசிக்கொண்டிருக்கட்டும். எழுத்தில் பேசுவதற்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

நீங்கள் செய்யும் வரைக்கும் நாங்கள் சும்மா இல்லை. பார்வைத் தூரத்தைக் குறைத்துவிட்டோம். உள்ளே ஓடும் பாட்டை நிறுத்திவிட்டோம், நொடிக்கு 128 கிலோபிட்டில் ஓடும் பாட்டு மணிக்குச் சுமார் 58 எம்பி சாப்பிடுகிறது. சாப்பிட வரும்போது அவதாரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வராமல் வெளியேறிவிட்டு வருகிறான். செயலியின் அப்டேட் எல்லாம் பெரியம்மா வீட்டு ஃபைபரில்தான். புது இடங்களுக்கும் அங்கேதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்போது பார்த்தது கேஷில் தங்கிவிடுவதால் வாரம் முழுக்க அவனும் நண்பனும் அந்த இடங்களிலேயே சுற்றுகிறார்கள். ஜிஎஸ்டி படிவங்களின் கடைசி நாள்களான 11, 20 ஆகிய தேதிகளில் என் வேலை முடிந்த பிறகுதான் ஹாட்ஸ்பாட். இவை அவனே ஒத்துக்கொண்ட ஏற்பாடுகள். திருப்பூர் நண்பனும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டான்.

சமையலறைக் காலண்டரில் சிலிண்டர் தேதிக்குப் பக்கத்தில் இப்போது தினமும் ஒரு எண் இருக்கிறது. ராத்திரி படுக்கும் முன் மகன் என் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் நாலு பக்கம் தேடி, அந்த எண்ணைக் கண்டுபிடித்து எழுதுகிறான். உங்கள் திரையிலேயே பார்த்து அவன் எழுதும்படி செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர், ஒரு அம்மா
சிவகாசி