மிசோவைக் கொதிக்க விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், சோயா பீன்ஸைப் புளிக்க வைத்து எடுக்கும் மிசோ என்ற ஜப்பானிய விழுதில் வீட்டிலேயே சூப் செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு போட்டிருந்தீர்கள். நான் ஆறு வருடமாக ஜப்பானில், நாகானோ மாகாணத்து மட்சுமொட்டோவில் இருக்கிறேன். இந்த நாட்டிலேயே அதிகமாக மிசோ தயாராகும் மாகாணம் இதுதான். இங்கே உட்கார்ந்து தமிழில் மிசோ என்ற சொல்லைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாகப் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் நான்காவது வரியிலேயே மனசு கேட்கவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, மிசோவைப் போட்டு, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விட்டு, கடைசியில் டோஃபுவைப் போட்டு இறக்கவும் என்று இருக்கிறது. இதில் இரண்டு தப்பு, இரண்டுமே பெரிய தப்பு. அப்படிச் செய்கிறவருக்குக் கிடைக்கப்போவது உப்புக் கரிக்கும் கலங்கல் தண்ணீர். அதை ஒரு வாய் குடித்துவிட்டு, ஜப்பான்காரர்கள் தினமும் இதையா குடிக்கிறார்கள் என்று நினைத்து மிச்ச மிசோவை அப்படியே மறந்துவிடுவார். அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, தாஷி என்ற சொல்லே அந்தக் குறிப்பில் இல்லை. கடற்பாசி, காய்ந்த மீன், காளான் இவற்றின் ருசியைத் தண்ணீரில் இறக்கி வடிகட்டி எடுக்கும் தெளிந்த சாறுதான் தாஷி. மிசோவைக் கரைப்பது அதில்தான், வெறும் தண்ணீரில் இல்லை. ஜப்பானியச் சமையலில் உமாமி என்று ஒரு ருசியைச் சொல்வார்களே, அதற்குப் பெயர் வந்ததே இந்தத் தாஷியிலிருந்துதான். 1908-ல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த இகெடா கிகுனாயே, கொம்பு என்ற கடற்பாசி போட்ட தாஷியில் இருக்கும் ருசி உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, இனிப்பும் கசப்பும் இல்லை, அப்புறம் அது என்ன என்று தேடிப்போய், அது குளுட்டாமேட் என்ற பொருளால் வருகிறது என்று கண்டுபிடித்தார். 1913-ல் அவருடைய மாணவர் கொடாமா ஷின்டாரோ காய்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒன்று சேர்ந்தால் ருசி கூடுவது மட்டும் இல்லை, பல மடங்கு ஏறுகிறது. பாசியையும் மீனையும் ஒரே பானையில் போட வேண்டும் என்பது இங்கே இருக்கிற சமையல்காரர்களுக்கு அந்த விஞ்ஞானிகளுக்கு ரொம்ப காலம் முன்பே தெரிந்திருக்கிறது.

கொம்பு என்று எழுதினால் தமிழில் வேறு ஏதோ போல இருக்கிறது, ஆனால் உச்சரிப்பு அதுதான். ஹொக்கைடோ தீவைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில் பட்டை பட்டையாக வளர்கிற பழுப்புப் பாசி அது, காயவைத்து விற்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போதும். அதன்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும், பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள், ருசியில் அதற்கும் பங்கு உண்டு, ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். அரைமணி நேரம் ஊற விட்டு, சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றி, பாத்திரத்தின் அடியிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழ் கிளம்பும்போதே பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பு இறங்கி, கடல் வாடை தூக்கலாகிவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரை ஒரு கொதி வர விட்டு அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷி போடுங்கள். வேகவைத்து, புகைபோட்டு, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்த சூரை மீனைச் சீவிய சீவல் அது. ஓரிரு நிமிடத்தில் அது தானாக அடியில் போய்ப் படியும், துணியில் வடிகட்டிவிடுங்கள். துணியைப் பிழிய வேண்டாம், பிழிந்தால் கசப்பு வரும். வடித்த பாசியையும் சீவலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மறுபடி தண்ணீர் ஊற்றிச் சின்னத் தீயில் பத்து நிமிடம் வைத்தால் இரண்டாம் தாஷி கிடைக்கும், மிசோ சூப்புக்கு அதுவே தாராளம்.

எங்கள் தெருவில் பல வீடுகளில் நிபோஷிதான், அதாவது வேகவைத்துக் காயவைத்த சின்ன நெத்திலி வகை மீன். தலையையும் வயிற்றில் இருக்கும் கறுப்பையும் கிள்ளி எறிந்துவிட்டு, இரவே தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்தால் சரி. அந்தக் கிள்ளுகிற வேலையில் சோம்பல்பட்டால் சூப் கசக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆகாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இங்கே பௌத்த மடங்களில் ஷோஜின் என்று ஒரு சமையல் மரபு உண்டு, மீனும் கிடையாது, மாமிசமும் கிடையாது. கொம்போடு நான்கு காய்ந்த ஷீடாகே காளானைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்துவிடுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம், காலையில் அருமையான தாஷி இருக்கும். காளானில் இருப்பது குவானிலேட் என்ற மூன்றாவது உமாமி, 1957-ல் குனினாகா அகிரா கண்டறிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், டப்பாவில் வரும் மிசோவில் சில, தாஷி ஏற்கெனவே கலந்தவை. தாஷி-இரி என்று ஜப்பானிய மொழியில் போட்டிருந்தால் பெரும்பாலும் அதில் மீன் இருக்கும். உங்கள் குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டதும் எனக்கு வருத்தம்தான், சைவக்காரர் ஒருவர் தெரியாமல் சாப்பிட்டுவிடக் கூடாது இல்லையா.

சரி, இரண்டாவது தப்புக்கு வருகிறேன். பத்து நிமிடம் கொதிக்க விடுவது.

வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் காலையில் முட்டைக்கோஸ் கொடுக்க வந்தவர், என் அடுப்பில் மிசோ தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார். அதே தாஷியை இன்னொரு பாத்திரத்தில் சுடவைக்கச் சொல்லி, அணைத்த பிறகு கரண்டியில் மிசோவைக் கரைத்து, இரண்டு கிண்ணத்தையும் என் முன்னால் வைத்து, "முதலில் மோந்து பார், அப்புறம் குடி" என்றார். குடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கொதித்த கிண்ணத்தில் உப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை, மற்றதில் பழமும் வறுத்த கொட்டையும் லேசான கள் வாடையும் கலந்த மாதிரி ஒரு மணம் எழுந்து வந்தது. மூடி திறந்த மிசோ டப்பாவின் மணம் முழுக்க அந்த ஆவியில் இருந்தது. நம்பாதவர்கள் வீட்டில் இதே மாதிரி இரண்டு கிண்ணம் செய்து பார்க்கலாம்.

மிசோ என்பது வெறும் அரைத்த விழுது இல்லை. அரிசியிலோ பார்லியிலோ சோயாவிலோ கோஜி என்ற பூஞ்சையை வளர்த்து, அதை வெந்த சோயா பீன்ஸ், உப்பு இரண்டோடும் சேர்த்துப் பிசைந்து, தொட்டியில் காற்றுப் புகாமல் அழுத்தி, மேலே பாரம் வைத்து, மாதக் கணக்கில் காத்திருந்து எடுப்பது. அந்தக் கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது, புரதத்தை அமினோ அமிலமாக உடைக்கிறது, பிறகு ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் அதில் வேலை செய்து மணத்தை உண்டாக்குகின்றன. 2006-ல் ஜப்பான் மதுவடிப்புச் சங்கம் இந்தக் கோஜியை நாட்டின் பூஞ்சை என்றே அறிவித்தது. மாதக் கணக்கில் உருவான மணம் லேசில் ஆவியாகிற மணம், கொதிக்க விட்டால் அடுப்படியில் போய்விடும், கிண்ணத்துக்கு வராது. அதனால் காயெல்லாம் வெந்த பிறகு அடுப்பை அணைத்து, ஒரு கரண்டி தாஷியில் மிசோவைக் குழைத்துக் கரைத்துச் சேர்த்து, வேண்டுமானால் மறுபடி லேசாகச் சூடேற்றி, ஓரத்தில் முதல் அசைவு தெரியும்போதே இறக்குவார்கள். அந்தக் கணத்துக்கு நியேபனா என்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை, ஐச்சி மாகாணத்து ஒகஸாகியில் சோயாவும் உப்பும் மட்டும் சேர்த்து, பெரிய மரத் தொட்டிகளில் கல்லை அடுக்கி இரண்டு வருடத்துக்கு மேல் வைத்தெடுக்கும் ஹட்சோ மிசோ கொதியைத் தாங்கும், நகோயாவில் அதில் உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸைப் போட்டே கொதிக்க வைக்கிறார்கள். அதை வைத்து எல்லா மிசோவையும் கொதிக்க விடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளவும் உங்கள் குறிப்பில் அதிகம். ஒரு கிண்ணத்துக்கு, அதாவது 180 மில்லி தாஷிக்கு, ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, 15 கிராம் போதும். எங்கள் ஊர் ஷின்ஷு மிசோவில் 12 சதவீதம் அளவுக்கு உப்பு இருப்பதால் தனியாக உப்புப் போடவே கூடாது. கியோட்டோவின் வெள்ளை மிசோ இனிப்பாக, உப்புப் பாதிதான் இருக்கும், அதைக் கொஞ்சம் கூடப் போடலாம். உப்பு விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நாகானோவில் ஒரு காலத்தில் பக்கவாதம் மிக அதிகம், 1980-களில் மாகாணம் முழுக்க உப்பைக் குறைக்க இயக்கமே நடத்தினார்கள், மிசோ சூப்பை விடச் சொல்லவில்லை, காயை நிறையப் போட்டுச் சாறைக் குறைக்கச் சொன்னார்கள். 2010 கணக்கில் ஆண்கள், பெண்கள் இருவரின் சராசரி ஆயுளிலும் நாகானோதான் நாட்டில் முதல் இடம். என் பக்கத்து வீட்டுப் பாட்டியின் கிண்ணத்தில் சாறு தேட வேண்டியிருக்கும், அவ்வளவு காய்.

என்ன போடலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. முள்ளங்கி, உருளைக்கிழங்கு போன்றவற்றைச் சூடேறும் முன்பே தாஷியில் போட்டுவிட வேண்டும், கீரை பின்னால், டோஃபு கடைசியில் சூடேறும் அளவுக்கு மட்டும், வெங்காயத்தாள் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே. காய்ந்த வகாமே பாசி ஊறினால் பல மடங்கு உப்பிவிடும், ஒரு சிட்டிகைக்கு மேல் எடுக்காதீர்கள். கோடையில் கத்தரிக்காய், இலையுதிர் காலத்தில் எங்கள் மலைகளில் விளையும் நமேகோ காளான், குளிர்காலத்தில் முள்ளங்கி. சிப்பி போட்டால் மீன் தாஷியே தேவையில்லை, குளிர்ந்த தண்ணீரிலேயே சிப்பியைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அதன் சாறே போதும், ஆனால் அசாரி சிப்பியை முதலில் 3 சதவீத உப்புத் தண்ணீரில் இருட்டில் வைத்து மணலைக் கக்க விட வேண்டும்.

காலையில் நேரமில்லை என்பவர்கள் தாஷியை மட்டும் மொத்தமாகச் செய்து ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம், மிசோவை அவ்வப்போது கரைத்தால் போதும். மிசோ டப்பாவை ஃப்ரீசரில் வைத்தாலும் கல்லாக உறையாது, உப்பு விடாது, நேராகக் கரண்டியால் எடுக்கலாம்.

கடிதம் நீண்டுவிட்டது, முழுதும் போட இடம் இருக்காது என்று தெரியும். தாஷி செய்யும் பத்தியையும், அடுப்பை அணைத்த பிறகே மிசோ என்பதையும், சைவக்காரர்களுக்கான எச்சரிக்கையையும் மட்டுமாவது அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தமாக வெளியிடுங்கள். அந்தக் குறிப்பைக் கத்தரித்து எடுத்து வைத்திருப்பவர்கள் இதையும் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மட்சுமொட்டோ, ஜப்பான்