ஆட்டம் கண்டது பாறை, கோபுரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடுக்கடல் பாறை ஒன்றைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜான் ஸ்மீட்டன் கட்டிய மூன்றாவது கோபுரம் வெறும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டதால் அலையைத் தாங்காமல் தளர்ந்துபோனது, அதனால்தான் அகற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. முப்பத்தைந்து வருடம் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் நான். இப்போது மகளுடன் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இருக்கிறேன். அந்தக் கோபுரம் இங்கே ஹோ மேட்டில்தான் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. அதன் 93 படிகளையும் முழங்கால் வலியோடு மூன்று தடவை ஏறியிருக்கிறேன். ஆகவே இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எடிஸ்டோன் பாறைகள் பிளிமத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கிடக்கின்றன. அலை ஏறும் நேரத்தில் பெரும்பகுதி முழுகிவிடும். மாலுமிக்குப் பாறை கண்ணில் படும்போது கப்பலைத் திருப்ப நேரம் இருக்காது. அங்கே இரண்டு கப்பல்களைப் பறிகொடுத்த ஹென்றி வின்ஸ்டன்லி என்பவர்தான் 1698-ல் முதல் விளக்கை ஏற்றினார். இதுவரை வந்ததிலேயே பெரிய புயல் அடிக்கும்போது நான் அந்தக் கோபுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வாராம். 1703 நவம்பரில், பழுது பார்க்கப் போன சமயத்திலேயே, அந்தப் புயல் வந்தது. விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. பாறையில் சில இரும்புத் துண்டுகள் மட்டும் மிச்சம்.

அடுத்து ஜான் ரட்யர்ட் என்ற பட்டு வணிகர் கட்டிய மரக் கோபுரம் 47 வருடம் நின்றது. அதைக் கடல் தொடவில்லை, 1755 டிசம்பரில் தீ தின்றது. காவலர் ஹென்றி ஹாலுக்கு அப்போது 94 வயது என்கிறார்கள். அண்ணாந்து பார்த்துத் தண்ணீரை வீசி அணைக்க முயன்றபோது, உருகிய கூரை ஈயம் அவர் வாய்க்குள் விழுந்தது. அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. 12 நாள் கழித்து அவர் இறந்த பிறகு வயிற்றிலிருந்து 200 கிராம் அளவுக்கு ஈயக்கட்டி எடுத்தார் மருத்துவர். அந்தக் கட்டி இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. அந்த வயதில் வாளியும் கையுமாகத் தீயோடு போராடிய மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். ஸ்மீட்டன் இந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. கருவிகள் செய்பவராக இருந்து பொறியாளர் ஆனவர். கடலில் கட்டுபவனுக்கு உள்ள தலைவலி என்னவென்றால், சாதாரணச் சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. இங்கேயோ பூசி முடித்த சில மணி நேரத்தில் அலை வந்து மூடிவிடும். அவர் பல ஊர்ச் சுண்ணாம்பை வரவழைத்துச் சாந்து பிசைந்து, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சிலது கரைந்தது, சிலது கெட்டியானது. கெட்டியானதன் மூலக்கல்லை அமிலத்தில் கரைத்தபோது அடியில் களிமண் தங்கியது. அதுவரை, கல் எவ்வளவு வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல சுண்ணாம்பு என்றே நம்பியிருந்தார்கள். களிமண் கலந்த கல்தான் தண்ணீரில் இறுகும் என்று அவர் கண்டுபிடித்தார். வேல்ஸ் நாட்டு அபர்தா கல்லின் சுண்ணாம்பையும் இத்தாலியிலிருந்து வந்த எரிமலை மண்ணையும் சமபாகமாகக் கலந்து பயன்படுத்தினார். என் வேலைக்காலம் முழுக்க மூட்டை மூட்டையாகப் பிரித்த போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினார். அந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்பது இந்தச் சாந்து. அதைப் போய் ‘வெறும் சுண்ணாம்பு’ என்று எழுதலாமா?

அப்புறம், சாந்தை மட்டும் நம்பி அவர் கட்டவில்லை. ஒவ்வொரு கல்லின் விளிம்பும் புறாவின் வால்போல விரிந்து, பக்கத்துக் கல்லின் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும்படி செதுக்க வைத்தார். பேத்திக்கு அட்டையில் வெட்டிக் காட்டினேன். பக்கவாட்டில் எப்படி இழுத்தாலும் துண்டு பிரியவில்லை, மேலே தூக்கினால்தான் வருகிறது. மேலே தூக்க முடியாதபடி அடுத்த வரிக் கல் வந்து உட்கார்ந்துவிடும். வெளிப்பக்கம் கிரானைட், உள்ளே போர்ட்லண்ட் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல், அடியில் அகன்று மேலே ஒடுங்கும் ஓக் மரத்தின் வடிவம். 1757 ஜூனில் முதல் கல் வைத்து, 1759 அக்டோபர் 16-ல் 24 மெழுகுவத்திகளை ஏற்றினார்கள்.

அந்தக் கோபுரம் 120 வருடத்துக்கு மேல் அங்கே நின்றது. 1870-களில் பெரிய அலை மோதும்போதெல்லாம் அது ஆடுவதாகப் புகார் வந்து சோதித்தார்கள். கோபுரத்தில் பழுது இல்லை. அது நின்ற பாறையின் அடியைத்தான் கடல் குடைந்திருந்தது. அதனால்தான் ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் 49 மீட்டர் உயரத்தில் இப்போதைய கோபுரத்தைக் கட்டி, 1882-ல் விளக்கேற்றினார். பழைய கோபுரத்தை இடிக்கவும் இல்லை. மேல்பாகத்தைக் கல் கல்லாகப் பிரித்து, மக்களிடம் பணம் திரட்டி ஹோ மேட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அடுக்கி, 1884-ல் திறந்தார்கள். பிரித்து மீண்டும் கட்ட முடிகிறது என்றால் அந்தக் கற்கள் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி போதும். முடிந்தால் ஒரு படமும் போடுங்கள். புதிய கோபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்மீட்டன் கட்டிய அடிப்பாகம் மட்டும் இன்னும் அந்தக் குடைந்த பாறைமேலேயே நிற்கிறது. மேலே எதுவும் இல்லாமல், இன்றைக்கும் அலை வாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
பிளிமத்